சித்தப்பா கோல் காத்த வருஷம்

பாலாற்றங்கரையில் சாயந்திர நேரத்தில் பந்து உதைக்கும் சத்தத்தைக் கேட்டு வளர்ந்தவர்களில் எத்தனை பேர் இன்னும் இருக்கிறீர்களோ, எனக்குத் தெரியாது. இருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். நம் ஊர் தோல் ஷாப் டீம் வேலூர் வரைக்கும் போய் ஜெயித்துவிட்டு வந்ததென்று பேரப்பிள்ளைகளிடம் நீங்கள் அளந்துவிட்டிருப்பீர்கள். நானும் அளந்திருக்கிறேன். ஆனால் நமக்குள் என்ன ஒளிவு மறைவு? நான் சொல்லப்போகும் அந்த வருஷத்தில் நம் டீம் ஒரு ஆட்டம்கூட ஜெயிக்கவில்லை.

எனக்கு அப்போது பத்து வயது. அப்பாவை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம். நைனா தோல் பதனிடும் ஷாப்பில் மேஸ்திரி. டீமை நடத்தியதும் அவர்தான். அவருடைய தம்பி, என் சித்தப்பா, அதே ஷாப்பில் சுண்ணாம்புத் தொட்டியில் வேலை பார்த்தார். மயிர் கழல்வதற்காகத் தோலைச் சுண்ணாம்புத் தண்ணீரில் ஊறப்போடுவார்களே, அந்தத் தொட்டி. இடுப்பளவு பள்ளத்தின் விளிம்பில் நின்று நீளக் கழியால் தோல்களைப் புரட்டிப் புரட்டிப் போடவேண்டும். சாயந்திரம் சங்கு ஊதியதும் கைகால் கழுவிக்கொண்டு மைதானத்துக்கு ஓடிவருவார். டீமுக்கு அவர்தான் கோல் கீப்பர்.

பெண்பிள்ளைக்கு மைதானத்தில் என்ன வேலை என்று கேட்பீர்கள். அம்மாவும் அதைத்தான் கேட்டாள். முந்தின வருஷம் ஒருநாள் நைனாவுக்குச் சாப்பாடு கொண்டுபோனவள் அங்கேயே நின்று ஆட்டம் பார்த்துவிட்டேன். அன்றைக்கு நம்மவர்கள் மூன்று கோல் போட்டு ஜெயித்தார்கள். "பாப்பா வந்த ராசி" என்று யாரோ ஒருவர் சொல்லிவைக்க, அதற்குப் பிறகு நைனா என்னை வீட்டில் விட்டுவிட்டு ஆட்டத்துக்குப் போனதே இல்லை. எனக்குத் தலைகால் புரியவில்லை. ஜெயிப்பது நான்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்தப் பந்து ஞாபகம் இருக்கிறதா? நம் ஊரிலேயே பதமான தோல், நம் ஊரிலேயே தைத்தது. உள்ளே ரப்பர் பை, வாயில் தோல்வாரால் இழுத்துக் கட்டிய முடிச்சு. தலையால் முட்டினால் அந்த முடிச்சு நெற்றியில் பதிந்துவிடும். மறுநாள் ஷாப்பில் யார் நெற்றியில் தழும்பு இருக்கிறதென்று பார்த்தே முந்தின நாள் ஆட்டம் எப்படியென்று சொல்லிவிடலாம். மழையில் நனைந்தால் பூசணிக்காய்க் கனம் கனக்கும்.

சட்டைக்கு முதலாளி சாயபு காடாத் துணி கொடுத்தார். வெள்ளையாக இருந்தால் அழுக்குத் தெரியும் என்று நைனா அத்தனையையும் ஆவாரம்பட்டைத் தண்ணீரில் முக்கி எடுத்தார். பதப்படுத்திய தோலின் நிறமே வந்துவிட்டது. மழை பெய்தால் சாயம் இறங்கி எல்லார் உடம்பும் பழுப்பாகிவிடும். "நாமளும் பதமாய்ட்டோம், இனிமே கெட்டுப்போவ மாட்டோம்" என்று சிரிப்பார்கள்.

வெளியூருக்குப் போனால் நம்மவர்கள் பக்கத்தில் வந்ததும் சிலர் துண்டை எடுத்து மூக்கைத் துடைப்பதுபோல வைத்துக்கொள்வார்கள். வேலூரில் ஒரு மைதானத்தில் எதிர் டீமுக்கு டம்ளரில் தண்ணீர் கொடுத்தார்கள். நம்மவர்களுக்கு மட்டும் குனியச் சொல்லிக் கையில் ஊற்றினார்கள். கையில் குடித்தால் குளிர்ச்சி ஜாஸ்தி போலிருக்கிறது என்று நான் நினைத்தேன். நைனா அன்றைக்குத் தண்ணீர் குடிக்கவில்லை.

வைகாசியில் குடியாத்தத்துக்கு கெங்கையம்மன் திருவிழாவுக்குப் போன இடத்தில் சித்தப்பாவுக்குப் பெண் பார்த்து, ஆவணியில் கல்யாணம் என்று பேசி முடித்தார்கள். ஆனி பிறந்ததும் ஆட்டங்கள் தொடங்கின. முதல் ஆட்டத்தில் ஐந்து கோல் வாங்கினோம். அடுத்ததில் மூன்று. அதற்கடுத்ததில் நான்கு. போன வருஷம் பூனைபோலப் பாய்ந்து பாய்ந்து பிடித்த சித்தப்பா, இந்த வருஷம் பந்து தன்னைத் தாண்டிப் போன பிறகு கையை நீட்டினார். நிற்கும் தோரணையும் மாறிப்போயிருந்தது. முகத்தை ஒரு பக்கமாகத் திருப்பிக்கொண்டு, யாரையும் மதிக்காதவர்போல நின்றார்.

"மாப்ள முறுக்கு" என்றார்கள் ஷாப்பில்.

நைனாவும் அதையே நம்பினார். "கல்யாணம்னு சொன்னதும் தலைக்கனம் வந்துட்ச்சு" என்று அம்மாவிடம் சொன்னதை நான் கேட்டேன். இன்னொரு பேச்சும் கிளம்பியிருந்தது. என் ராசி தீர்ந்துபோய்விட்டதாம். அது என் காதில் விழுந்த அன்று நான் சோறு தின்னவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சித்தப்பா எங்கள் வீட்டு வாசலில் உட்கார்ந்து பந்துக்கு எண்ணெய் தடவிக்கொண்டிருந்தார். குடிக்கத் தண்ணீர் கேட்டார். சொம்பில் மொண்டு வந்து அவர் பக்கத்தில் நின்று நீட்டினேன். அவர் பாட்டுக்குப் பந்தைத் தேய்த்தார். கொஞ்ச நேரம் கழித்து உள்ளே பார்த்து, "பாப்பா, தண்ணி எங்க?" என்று கத்தினார். நான் ஒரு முழ தூரத்தில் நின்றுகொண்டிருந்தேன். அவருடைய இடது பக்கம்.

ஈயை ஓட்டுவதுபோல அவர் முகத்துக்கு நேரே கையை ஆட்டிப் பார்த்தேன். இமை அசையவில்லை.

"சித்தப்பா, இந்தக் கண்ணு தெரியலியா?"

சட்டென்று என் மணிக்கட்டைப் பிடித்தார். சொம்புத் தண்ணீர் இரண்டு பேர்மேலும் கொட்டியது. "மெதுவா பேசு" என்றார்.

"இன்னா ஆச்சு?"

"தோலப் பொரட்டும்போது சுண்ணாம்புத் தண்ணி தெறிச்சிட்ச்சு. கொஞ்சம் மப்பா இருக்குது, அவ்ளோதான். சரியாப் போய்டும்."

கிட்டப் போய்ப் பார்த்தேன். தொட்டிக்காரர்கள் எல்லாருக்குமே கண் சிவந்துதான் இருக்கும், அதனால் யாரும் கவனிக்கவில்லை. அந்தச் சிவப்புக்கு நடுவே, கருவிழிமேல், ஆறின பாலின் ஏடுபோல மெல்லிசாக ஒன்று படிந்திருந்தது.

"நைனா கிட்ட சொல்லட்டா?"

"வாணாம் பாப்பா. உங்க நைனாவப் பத்தித் தெரியாதா? நேரா குடியாத்தம் போய் அவங்க கிட்டயே சொல்லிடுவாரு. அப்பறம் எவன் பொண்ணு குடுப்பான்? தாலி கட்னப்பறம் நானே சொல்றேன். ஆவணி வரைக்கும் பொறுத்துக்கோ."

தலையில் அடித்து சத்தியம் வாங்கினார். கொடுத்தேன். உண்மையைச் சொல்வதானால், எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. பெரியவர் ஒருவரின் ரகசியம் என்னிடம் இருக்கிறது. ராசி போனது என்னால் இல்லை என்பதும் தெரிந்துவிட்டது.

அடுத்த ஆட்டம் குடியாத்தத்தில். நெசவுக்காரர்களின் டீம். ரயிலில் போகும்போதே நான் ஒரு முடிவோடு இருந்தேன். ஆட்டம் தொடங்கியதும் நைனா பக்கத்தில் உட்காராமல் கோலுக்குப் பின்னால், இடது கம்பத்தை ஒட்டிப் போய் நின்றேன். அந்தப் பக்கமாக எவன் பந்தைக் கொண்டுவந்தாலும் அடிவயிற்றிலிருந்து கத்தினேன்.

"எடது! எடது! வர்றான், வர்றான்! கீழ!"

சித்தப்பா ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. ஆனால் நான் கத்திய திசையில் பாய்ந்தார். முதல் பந்து அவர் விரலில் பட்டு வெளியே போனது. இரண்டாவதை மார்போடு அணைத்துக்கொண்டு விழுந்தார். இடைவேளைக்குப் பிறகு நாங்கள் இரண்டு பேரும் ஒரே ஆள்போல ஆகிவிட்டோம். நான் வாயைத் திறப்பதற்குள் அவர் நகர்ந்தார். என் தொண்டை கட்டிப்போய்க் காற்றுதான் வந்தது, அதுவும் அவருக்குக் கேட்டது. விசில் ஊதினபோது இரண்டு பக்கமும் கோல் இல்லை. அந்த வருஷம் தோற்காத ஒரே ஆட்டம் அதுதான். ஜெயித்ததுபோல எல்லாரும் சித்தப்பாவைத் தூக்கிக்கொண்டார்கள்.

பெண்ணின் அப்பாவும் ஆட்டம் பார்க்க வந்திருந்தார். சித்தப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "மாப்ள செவுரு மாதிரி நின்னாரு" என்று பக்கத்திலிருந்தவர்களிடமெல்லாம் சொன்னார். சித்தப்பா வழக்கம்போல முகத்தை ஒரு பக்கமாகத் திருப்பிக்கொண்டு சிரித்தார். வெட்கம் என்று அந்தப் பெரியவர் நினைத்திருக்கவேண்டும்.

போகும்போது அவர் நைனாவிடம், "உங்க பொண்ணுக்குக் கூச்சல் கொஞ்சம் ஜாஸ்தி" என்று சொல்லிச் சிரித்தார். விளையாட்டாகத்தான் சொன்னார். நைனாவுக்குச் சுருக்கென்று தைத்துவிட்டது. வீட்டுக்கு வந்ததும், "இனிமே ஆட்டத்துக்கு வந்தா என் பக்கத்துல உக்காரணும். வாயத் தொறக்கக் கூடாது. சம்மந்தி வூட்டு முன்னால மானம் போவுது" என்றார்.

அடுத்தது நம் ஊர் மைதானத்தில் வேலூர்ப் பள்ளிக்கூடத்து டீமோடு. பூட்ஸ் போட்ட பையன்கள். ஓடிவந்தால் தரை அதிரும். அன்றைக்கு நல்ல கூட்டம், சாயபுகூடக் குதிரைவண்டியில் வந்து இறங்கினார். நான் வேப்பமரத்தடியில் நைனாவின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். இடது பக்கமாக ஒருவன் பந்தோடு வருவது எனக்குத் தெரிந்தது, சித்தப்பாவுக்குத் தெரியவில்லை என்பதும் தெரிந்தது. பாவாடையைச் சுருட்டி வாயில் அடைத்துக்கொண்டேன்.

ஏழு கோல்.

ஐந்தாவது விழுந்ததும் நம் ஆட்களே சிரிக்கத் தொடங்கினார்கள். சாயபு ஆட்டம் முடிவதற்கு முன்பே வண்டியேறிவிட்டார். விசில் ஊதியதும் நைனா வேகமாக நடந்து சித்தப்பாவின் முன்னால் போய் நின்றார். பின்னாலேயே ஓடினேன்.

"இன்னாடா நெனச்சிட்டிருக்க? பூட்ஸப் பாத்து பயமா? கல்யாண மாப்ள மூஞ்சில அடி படக் கூடாதா? பந்து வர்றப்ப மூஞ்சத் திருப்பிக்கிறியே, பொட்டப் பயலே!"

சித்தப்பா தலையைக் குனிந்துகொண்டார். பழுப்புச் சட்டை முழுக்கப் புழுதி. முழங்கை இரண்டும் தேய்ந்து ரத்தம் வந்துகொண்டிருந்தது. "சொல்றா!" என்று நைனா கையை ஓங்கினார். ஓங்கிய கை சித்தப்பாவின் இடது பக்கம் இருந்தது. அவர் அதற்காகக்கூட நகரவில்லை.

"அவருக்கு அந்தக் கண்ணு தெரியாது நைனா!"

என் குரல் எனக்கே அன்னியமாகக் கேட்டது. சுற்றி நின்றவர்களின் சிரிப்பு நின்றுபோனது. சித்தப்பா என்னைப் பார்த்த பார்வையை நான் விவரிக்க மாட்டேன்.

நைனா ஓங்கின கையை இறக்கினார். சித்தப்பாவின் வலது கண்ணை உள்ளங்கையால் பொத்தி, இன்னொரு கையை முகத்துக்கு நேரே நீட்டினார்.

"எத்தினி வெரல்?"

சித்தப்பா கழுத்தை முன்னால் நீட்டினார். பிறகு, "மூணு" என்றார்.

நைனா ஒரு விரலும் நீட்டியிருக்கவில்லை. கை மூடித்தான் இருந்தது.

மறுநாள் காலை ரயிலில் சித்தப்பாவை வேலூருக்கு அழைத்துப்போனார். நானும் வருவேன் என்று அழுது அடம்பிடித்ததால் என்னையும் கூட்டிக்கொண்டார். காட்பாடியில் இறங்கி ஜட்கா வண்டி. வழி நெடுக இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. ஆனால் ஆஸ்பத்திரிப் படி ஏறும்போது நைனா தம்பியின் இடது பக்கம் வந்து முழங்கையைப் பிடித்துக்கொண்டார்.

டாக்டர் வெகுநேரம் பார்த்தார். "தெறிச்ச அன்னைக்கே நிறைய தண்ணி விட்டுக் கழுவியிருக்கணும். அதுக்கப்புறமாவது சீக்கிரம் வந்திருந்தா கொஞ்சம் பார்வையை மிச்சம் பிடிச்சிருக்கலாம். இனிமே ஒண்ணும் செய்யறதுக்கில்லே" என்றார். நான் விரல்விட்டு எண்ணினேன். அந்த ஞாயிற்றுக்கிழமையிலிருந்து இருபத்திமூன்று நாள். இந்தக் கணக்கை அறுபது வருஷத்துக்குமேல் நான் யாரிடமும் சொன்னதில்லை.

ஊர் திரும்பியதும் நைனா இரண்டு காரியம் செய்தார். சாயபுவிடம் பேசி, சுண்ணாம்புத் தொட்டிக்குப் பக்கத்தில் ஒரு பீப்பாய் நல்ல தண்ணீர் வைக்கச் செய்தார். கண்ணில் தெறித்தால் வேலையைப் போட்டுவிட்டு முதலில் அங்கே ஓடவேண்டும் என்று உத்தரவு. சாயபு நல்ல மனுஷர். "இது எப்பவோ செஞ்சிருக்கணும் மேஸ்திரி, நமக்கு யாருக்கும் தோணல" என்றாராம். சித்தப்பாவைத் தோல் காயப்போடும் கொட்டகைக்கு மாற்றிவிட்டார்.

இரண்டாவது, சித்தப்பா பயந்தது. நைனா தனியாகக் குடியாத்தம் கிளம்பினார். சித்தப்பா தடுக்கவில்லை. அன்று முழுக்கச் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். எழுந்து போகச் சொல்லவில்லை. பொழுது சாய நைனா திரும்பிவந்தார். "பொண்ணோட அப்பா யோசிச்சுச் சொல்றேன்னாரு" என்று அம்மாவிடம் சொன்னார். அவ்வளவுதான்.

பதில் வருவதற்குள் கடைசி ஆட்டம் வந்துவிட்டது, வாணியம்பாடியோடு. கோலில் நிற்க ஆள் இல்லை. யாரும் முன்வராததால் நைனாவே வேட்டியைத் தார்ப்பாய்ச்சிக் கட்டிக்கொண்டு நின்றார். நாற்பது வயது, தொப்பை வேறு. சித்தப்பா தன்னை இடது ஓரத்தில் ஆடவிடும்படி டீம் ஆட்களிடம் கேட்டார். "அந்தப் பக்கம் கோடுதானே இருக்குது, ஆளு எல்லாம் எனக்கு வலது பக்கம்தான் வருவான்" என்றார். யாருக்கும் தோன்றாத யோசனை.

இடைவேளைக்கு முன்பே மழை பிடித்துக்கொண்டது. எல்லார் உடம்பிலும் பழுப்புச் சாயம் வழிந்தது. பந்து சேற்றில் உருளாமல் நின்றது. நைனா நான்கு கோல் விட்டார். ஒவ்வொன்றுக்கும் தொப்பென்று விழுந்து, எழுந்திருக்க நேரமெடுத்தார். யாரும் சிரிக்கவில்லை. ஆட்டம் முடியும் தறுவாயில் சித்தப்பா ஓரமாகவே பந்தை ஓட்டிக்கொண்டு வந்து உள்ளே தள்ளினார். ஷாப்பில் ஆவாரம்பட்டை இடிக்கும் ஆள் ஒருவர் கண்ணை மூடிக்கொண்டு உதைத்தார். கோல்! நாலுக்கு ஒன்று என்று தோற்றோம். வீட்டுக்கு வரும் வழியில் நைனா நொண்டிக்கொண்டே, "டேய், கோல்ல நிக்கிறது ரொம்ப பேஜார்றா" என்றார். சித்தப்பா சிரித்துவிட்டார். பத்து நாளில் அவர்கள் பேசிக்கொண்ட முதல் பேச்சு அது.

குடியாத்தத்திலிருந்து அந்த வாரக் கடைசியில் ஆள் வந்தது. பேசினபடியே ஆவணியில் கல்யாணம்.

எப்படி அவர்கள் சம்மதித்தார்கள் என்பது எனக்கு ரொம்ப நாள் தெரியாது. என் கல்யாணமெல்லாம் ஆகி, பிள்ளைகளோடு ஊருக்கு வந்திருந்த ஒரு சமயம் சித்தியிடமே கேட்டேன். சித்தி மொச்சை உரித்துக்கொண்டிருந்தாள்.

"எங்கப்பா வாணாம்னுதான் சொன்னாரு. நான்தான் கட்டிக்கிறேன்னேன். மாப்ள வூட்டுக்காரன் தானா வந்து கொறையச் சொல்றானே, அந்த வூட்ல போய் வாழலாம்னு தோணுச்சு. மறச்சு கட்டியிருந்தா ஐப்பசியிலயே எங்கம்மா வூட்டுக்குத் திரும்பியிருப்பேன். கண்ணுக்காக இல்ல."

சித்தப்பா அங்கேதான் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். தலை முழுக்க நரைத்திருந்தது. அத்தனை வருஷம் கேட்காததை அன்றைக்குக் கேட்டுவிட்டேன். "நான் அன்னைக்கே நைனா கிட்ட சொல்லியிருந்தா கண்ணு பொழச்சிருக்குமா சித்தப்பா?"

"தெறிச்ச அன்னைக்கு எனக்கே சொல்லிக்கல நான். எரியிது எரியிதுன்னு தொட்டிகிட்டயே நின்னேன். நீ பத்து வயசுப் பொண்ணு, உன்ன இன்னா சொல்றது?" என்றார். பிறகு ஏதோ நினைத்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். "கண்ணு போச்சு, சரி. ஆனா ஒண்ணு சொல்றேன் கேட்டுக்கோ. அந்த வருஷம் முழுக்க வலது பக்கம் ஒரு கோல் கூட விடல நான். தெரியுமா? ஒண்ணு கூட."

சித்தி மொச்சையிலிருந்து தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தாள்.

ஒன்று விட்டார். வேலூர்ப் பையன்கள் போட்ட ஏழில் நான்காவது. குட்டையான பையன் ஒருவன் அடித்தான். வலது கம்பத்தை ஒட்டி, தரையோடு தரையாகப் போனது. வேப்பமரத்தடியிலிருந்து நான் நன்றாகப் பார்த்தேன்.

"தெரியும் சித்தப்பா" என்றேன். "ஒண்ணு கூட விடல."